அலமாரிப் படத்தின் கடைசிக் காட்சி

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

நான்கு வருடம் கழித்து எழுதுகிறேன். ஃபோன் செய்தால் நீ எடுக்க மாட்டாய். எடுத்துவிட்டால் என்ன பேசுவது என்று எனக்கும் தெரியாது. நான் நலம் விசாரிக்க எழுதவில்லை, ஒரு சந்தேகம் கேட்கத்தான் எழுதுகிறேன். அதற்கு மட்டும் பதில் போட்டால் போதும்.

லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலைதான் இன்னமும் பார்க்கிறேன். அதோடு ஒன்றரை வருடமாக ஒரு வார இதழில் ‘பால்கனி’ என்ற பெயரில் பேய்ப்படங்களைப் பற்றி எழுதுகிறேன். முதலில் வாசகர் கடிதம் போட்டேன். ஆசிரியர் கூப்பிட்டு, "இவ்வளவு அபிப்பிராயம் இருக்கிற ஆளு வாராவாரம் எழுதுங்களேன்" என்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

போன மாதம், நல்ல பேய்ப்படம் என்பது பயத்தில் முடியாது, பாசத்தில் முடியும் என்று ஒரு கட்டுரை எழுதினேன். அதற்கு அத்தாட்சியாக நாம் சின்ன வயதில் பார்த்த அலமாரிப் படத்தைச் சொன்னேன். உனக்கு நினைவிருக்கும். பெரிய வீடு, பழைய மர அலமாரி, அதற்குள் செத்துப்போன தாய், வெளியே ஒரு சின்னப் பெண். கடைசிக் காட்சியில் அலமாரிக் கதவு தானாகத் திறக்கும். அந்தத் தாய் வெளியே வந்து, தூங்குகிற மகளின் தலையைச் சீவிப் பின்னிவிட்டு, சீப்பை மேஜைமேல் வைத்துவிட்டு, மறுபடி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். இதைவிட நல்ல முடிவை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தேன்.

பதினொரு கடிதங்கள் வந்தன. ஓய்வு பெற்ற தியேட்டர் ஆபரேட்டர் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: "அந்தப் படத்தை நாற்பத்திரண்டு காட்சி ஓட்டியவன் நான். அதில் சீப்பே கிடையாது." ஆசிரியர் திருத்தம் போடச் சொல்கிறார். சீப்பு உண்டு என்று நான் அவரிடம் குரலை உயர்த்தியே சண்டை போட்டேன். அந்தச் சீப்பின் நிறம்கூட எனக்குத் தெரியும், பச்சை.

மறுநாள் ஒரு கட்டிடத்தில் லிஃப்ட் கூண்டின் மேல் நின்று கம்பிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. அந்தக் காட்சியை நான் பார்க்கவில்லை. போர்வைக்குள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீதான் என் காதில் சொன்னாய்.

அக்கா, அந்தப் படம் எப்படி முடிகிறது?

தம்பி

•

பிப்ரவரி 17

பால்கனி அவர்களுக்கு,

பால்கனியாம். நீ படம் பார்த்ததெல்லாம் கூடத்துத் தரையில், கிழிந்த பாயில். அதிலும் பாதி நேரம் போர்வைக்குள். கண்ணை மூடிக்கொண்டே பேய்ப்பட விமர்சகர் ஆனவன் உலகத்திலேயே நீ ஒருவனாகத்தான் இருப்பாய்.

ஆபரேட்டர் சொன்னது சரி. அந்தப் படத்தில் சீப்பு கிடையாது. கதவு திறக்கும், தாய் வருவாள், தூங்குகிற பெண்ணின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். விடிந்ததும் அந்தப் பெண்ணின் அப்பா வந்து பார்ப்பார். அலமாரிக் கதவின் இடுக்கில் பின்னலின் நுனி மட்டும் வெளியே தொங்கும். படம் அவ்வளவுதான். எனக்கு அப்போது பதினான்கு வயது. நானும் பயந்துதான் போனேன். "என்னக்கா பண்றா, என்னக்கா பண்றா" என்று நீ கையை நசுக்கிக்கொண்டிருந்தாய். தலைமுடியில் கை வைத்திருக்கிறாள் என்று ஆரம்பித்துவிட்டேன். அப்புறம் என்ன செய்வது, சீவிவிடுகிறாள் என்றேன். பச்சைச் சீப்பு நம் வீட்டுச் சீப்பு. வேறு சீப்பு அந்த அவசரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

அதற்கு முன்னால் பார்த்த ஊஞ்சல் பேய்ப்படத்தை உள்ளது உள்ளபடி சொல்லித்தான் பார்த்தேன். மூன்று நாள் உனக்குக் காய்ச்சல். குளியலறைக்கு நீ தனியாகப் போகமாட்டாய் என்று வாசலில் நான் காவல் நின்றேன். அம்மா என்னைத்தான் திட்டினாள். "அவன் கண்ணை மூடிக்கிட்டா நீ வாயை மூடிக்க வேண்டியதுதானேடி" என்றாள். வாயை மூடினால் நீ விடுவாயா? பாதி பார்த்த பேய் முழுப் பேயைவிட மோசம் என்பாய். எட்டு வயதில் நீ சொன்ன விமர்சனங்களில் உருப்படியானது அது ஒன்றுதான்.

ஞாயிறு மதியம் அம்மா உள்ளே தூங்குவாள். டி.வி. சத்தத்தை எறும்பு ஊர்கிற அளவுக்குக் குறைத்து வைப்போம். நீ "திறக்கலாமா?" என்று கேட்பாய். நான் "இன்னும் இல்ல" என்பேன். பேய் போனபிறகு "இப்போ திற" என்பேன். அந்த மதியங்களை இப்போதும் நான் நினைத்துக்கொள்வேன். நீ நினைப்பாயா என்று நான் கேட்கமாட்டேன்.

கேட்டதற்குப் பதில் முடிந்தது. ஆனால் அபிப்பிராயம் உனக்கு மட்டும்தான் இருக்க வேண்டுமா என்ன? எனக்குப் பேய்ப்படம் எப்போதும் இரண்டாம்பட்சம்தான். பேய் ஒரு விதத்தில் யோக்கியமானது. வருவதற்கு முன்னால் இசை மாறும், விளக்கு அணைந்து எரியும், நாய் ஊளையிடும். கண்ணை மூடிக்கொள்ள அவகாசம் தருகிறார்கள். குடும்ப சீரியலில் அந்த மரியாதை கிடையாது. மாமியார் தட்டைத் துடைத்துக்கொண்டே, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்பாள். பின்னால் ஓர் இசையும் இருக்காது. அந்த இடத்தில்தான் எல்லாம் உடைந்துபோகும்.

நான் பல் மருத்துவமனையிலேயே இருக்கிறேன். டோக்கன் கொடுப்பது, பெயர் கூப்பிடுவது, பயந்தவர்களை உட்காரவைப்பது. காத்திருக்கிற இடத்தில் ஒரு டி.வி. உண்டு. அதில் சத்தம் வருவதில்லை. கன்னம் வீங்கியவர்கள் சைகையில் கேட்பார்கள், யார் என்ன சொல்கிறார்கள் என்று நான் சொல்வேன். "நீங்க சொல்றதுதான் நிஜக் கதையைவிட நல்லா இருக்கு" என்கிறார் டாக்டர்.

படத்தைக் கண்ணைத் திறந்துகொண்டு பார். வயது முப்பத்தெட்டு ஆகிறது.

அக்கா

•

பிப்ரவரி 26

அக்கா,

பார்த்துவிட்டேன். பட்டப்பகலில், எல்லா ஜன்னலையும் திறந்துவைத்து, சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு. வீட்டுக்காரி வேலைக்குப் போயிருந்தாள், இல்லாவிட்டால் மானம் போயிருக்கும். கடைசிக் காட்சியில் வலது கை தானாக உன் மணிக்கட்டைத் தேடியது. தலையணை உறைதான் அகப்பட்டது.

மட்டமான படம் அக்கா. பேயின் பின்னால் கறுப்பு நூல் தெரிகிறது. அலமாரியின் உள்பக்கத்தில் யாரோ ஒருவருடைய நிழல் ஓடுகிறது. நான் தினமும் லிஃப்ட் குழிக்குள் இறங்குகிறவன், இருட்டு எனக்குப் பழகிப்போனது. பயம் இருட்டில் இல்லை, காத்திருப்பதில்தான் இருக்கிறது என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். இந்தப் படத்துக்குக் காத்திருக்க வைக்கவே தெரியவில்லை. உன் முடிவுதான் நல்ல முடிவு. திருத்தத்தில் அதையும் எழுதினேன்: சீப்பு படத்தில் இல்லை, என் அக்காவிடம் இருந்தது. ஆபரேட்டர் மறுபடியும் எழுதியிருக்கிறார்: "நாற்பத்திரண்டு காட்சியிலும் அந்தப் பெண்ணுக்காக வருத்தப்பட்டேன். உங்கள் அக்கா சொன்னபடி முடித்திருந்தால் நூறு காட்சி ஓட்டியிருப்பேன்."

உனக்குச் சிரிப்பு வரும் என்றுதான் இதை முதலில் எழுதினேன். இனி எழுதப்போவதற்குச் சிரிப்பு வராது.

உன் கடிதம் வந்தபிறகு, நான் பார்த்ததாக நினைத்துக்கொண்டிருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். ஊமைப் பேய் பாட்டுப் பாடியதா? கிணற்றில் விழுந்தவனைக் கை நீட்டித் தூக்கினார்களா? எல்லாம் நீ பூசி மெழுகியவைதான். அதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நான் பார்க்காமல் நீ சொல்லிக் கேட்டது இன்னொன்றும் இருக்கிறது.

அம்மாவின் கடைசி மாதம். பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தில் மூன்று லிஃப்டுகளை ஒப்படைக்க வேண்டிய நேரம். தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு மொட்டைமாடி மெஷின் ரூமிலிருந்து உன்னைக் கூப்பிட்டேன். "வரட்டுமா அக்கா?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்காங்க, வேலையை முடிச்சிட்டு வா" என்றாய். அப்புறம் ஒருநாள், உன் கையைப் பிடித்துக்கொண்டு, என் பெயரைச் சொல்லி, சிரித்தமுகமாகத் தூங்கிவிட்டாள் என்றாய். ஓடிவந்தேன். சித்தி, பெரியப்பா, அக்கம்பக்கம் எல்லோரும் கூடத்தில் இருக்கும்போது நீ என்னைப் பார்த்து, "எல்லாம் முடிஞ்சப்புறம் கண்ணைத் திறக்கிறவன் இவன்" என்றாய். அன்று மாலையே கிளம்பிவிட்டேன். நாலு வருடமாக அந்த வார்த்தையோடுதான் இருக்கிறேன்.

அம்மா சிரித்தமுகமாகப் போனாள் என்பதைப் பிடித்துக்கொண்டுதான் நான் இத்தனை நாள் தூங்கினேன். அதுவும் பச்சைச் சீப்பா அக்கா?

தம்பி

•

மார்ச் 6

தம்பிக்கு,

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. டாக்டர் புது நாற்காலி வாங்கியிருக்கிறார், பொத்தானை அழுத்தினால் தானாகச் சாய்கிறது. உட்கார்ந்தவர்கள் அதற்கே அலறுகிறார்கள். போன வாரம் ஒரு போலீஸ்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு பல்லைப் பிடுங்கிக்கொண்டார்.

ஆபரேட்டர் எழுதியதைப் படித்து எனக்குச் சிரிப்பு வந்தது. நீ கேட்ட மற்றதை விட்டுவிடு. ஆறிப்போனதைக் கிளறாதே. சில இடங்களில் கண்ணை மூடிக்கொள்வதில் தப்பே கிடையாது. நீ பார்க்காமல் விட்டதால் எந்தப் படமும் கெட்டுப்போகவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். கூண்டின் மேல் ஏறும்போது இடுப்பில் பெல்ட் போட்டுக்கொள்.

அக்கா

•

மார்ச் 12

அக்கா,

பெல்ட் போட்டுக்கொண்டுதான் ஏறுகிறேன்.

பாதி பார்த்த பேய் முழுப் பேயைவிட மோசம் என்று எட்டு வயதிலேயே உன்னிடம் சொன்னேன். உருப்படியான விமர்சனம் என்று நீயே எழுதியிருக்கிறாய். கண்ணைத் திறந்துவிட்டேன். சொல்.

தம்பி

•

மார்ச் 25

தம்பி,

இதை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது நான்காவது. இதில் நான் சேர்த்தது எதுவும் இல்லை.

அம்மா நல்லா இல்லை. கடைசி மாதம் முழுக்க வலி. நாலு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை, மூன்றாவது மணியிலேயே முனகத் தொடங்குவாள். சாப்பாடு இறங்கவில்லை. வர வேண்டியவர்களை வரச் சொல்லிவிடுங்கள் என்று அம்மாவைப் பார்த்த டாக்டர் சொன்னபிறகு பதினாறு நாள் இருந்தாள். அந்தப் பதினாறு நாளும் நீ ஃபோன் செய்தாய்.

ஏன் சொல்லவில்லை என்று நான் என்னையே கேட்காத நாள் இல்லை. உன் குரல் நடுங்கியது. "வரட்டுமா அக்கா?" என்று நீ கேட்டது, போர்வைக்குள்ளிருந்து "திறக்கலாமா?" என்று கேட்ட மாதிரியே இருந்தது. என் வாய் பழக்கத்தில் "இன்னும் இல்ல" என்றது. அவ்வளவுதான். நாளைக்குச் சொல்லலாம், வலி கொஞ்சம் குறைந்தால் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். உன்னைப் பயப்படாமல் பார்த்துக்கொள்கிற வேலையை எனக்கு விடத் தெரியவில்லை. உனக்கு முப்பத்து நாலு வயது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

அம்மா தினமும் உன்னைக் கேட்டாள். அவளிடமும் கதை விட்டேன். "டிக்கெட் போட்டுட்டான்", "ரயில் ஏறிட்டான்", "ரயில் லேட்டாம்" என்று. பதினாறு நாள் ஓடுகிற ரயில். அவள் நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. எதிர்த்துக் கேட்கவில்லை.

கட்டிலை நகர்த்தினால் வலி தாங்கமாட்டாள், அதனால் அவளால் கூடத்துக்கு வர முடியாது. அவளுடைய ஆறு மணி சீரியலை நான் கூடத்தில் பார்த்துவிட்டு வந்து சொல்வேன். வீட்டைவிட்டுப் போன மகனுக்காக ஒரு தாய் காத்திருக்கிற கதை. நன்றாக இருப்பதையெல்லாம் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். அந்த நேரம் மட்டும் முனகல் இருக்காது.

அன்றும் ஆறு மணிக்குத் தொடக்க இசை வந்தது. "போய்ப் பாரு, அந்தப் பையன் வந்தானான்னு வந்து சொல்லு" என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. போனேன். அரைமணி நேரம் பார்த்தேன். அன்றைக்கு அந்தப் பையன் தெருமுனையில் வந்து நிற்பான், அதோடு தொடரும் போட்டுவிட்டார்கள். இதை எப்படி அவளிடம் சொல்வது என்று நினைத்துக்கொண்டே அறை வாசலில் வந்து நின்று, "வந்துட்டான்மா" என்று ஆரம்பித்தேன். செருப்பைக் கழற்றினது, அந்தத் தாய் அவன் முகத்தைத் தடவிப் பார்த்தது, பசிக்குதா என்று கேட்டது, எல்லாம் சொன்னேன். முழுதாகச் சொல்லி முடித்தபிறகுதான் பக்கத்தில் போனேன்.

அவள் எப்போது போனாள் என்று எனக்குத் தெரியாது. நான் சொன்னதில் ஒரு வரியாவது அவள் காதில் விழுந்ததா என்றும் தெரியாது. அவள் கை என் கையில் இல்லை. நான் கூடத்தில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் வந்து கூடத்தில் உட்கார்ந்தபோது, அம்மா போன நேரத்தில் நான் எங்கே இருந்தேன் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தேன். என்னை யாரும் கேட்பதற்கு முன்னால் நான் உன் மேல் பழியைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டிருக்கச் சொன்னவள் நான். எல்லார் முன்னாலும் உன்னைக் குற்றவாளி ஆக்கினவளும் நான். மன்னித்துவிடு என்று எழுதினால் நீ மன்னித்துவிடுவாய், அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன் என்று ஆகிவிடும். அதனால் எழுதவில்லை.

இன்னொன்று. மருத்துவமனை டி.வி.யில் சத்தம் கெடவில்லை. அந்த சீரியல் இன்னமும் ஓடுகிறது. தெருமுனையில் நின்றவன் வேறு யாரோ என்று மறுநாளே மாற்றிவிட்டார்கள், மகன் இன்னும் வீட்டுக்கு வந்தபாடில்லை. ஆறு மணிக்கு அந்த இசை வந்தால் என்னால் நிற்க முடியாது. நான்தான் சத்தத்தை அணைத்து, ரிமோட்டை டோக்கன் டிராயரில் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறேன். நாலு வருடமாக.

அக்கா

•

ஏப்ரல் 4

அக்கா,

உன் கடிதம் வந்து ஆறு நாள் ஆகிறது. முதல் மூன்று நாள் உன் மேல் எனக்குத் தாங்கமுடியாத கோபம். அம்மாவைப் பார்க்கும் பதினாறு நாளை நீ என்னிடமிருந்து எடுத்துவிட்டாய். அதை இல்லை என்று சொன்னால் நானும் கதை விடுகிறவன் ஆகிவிடுவேன். அந்தக் கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அது போகும்வரை காத்திருந்தால் இன்னொரு நாலு வருடம் போய்விடும் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

நான்காம் நாள் ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டில் வேலை. கதவு திறந்தால் கூண்டின் தரை, மாடித் தரையைவிட அரை அங்குலம் கீழே நிற்கிறது. தள்ளுவண்டி தட்டித் தட்டிப் போகிறது. அதைச் சரிசெய்துகொண்டிருந்தபோது ஒரு வயதான அம்மாவைக் கொண்டுவந்தார்கள். பக்கத்தில் நடந்த பெண், "இதோ வந்தாச்சு, இதோ வந்தாச்சு" என்று சொல்லிக்கொண்டே போனாள். எங்கும் வந்திருக்கவில்லை. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் அவர் போய்க்கொண்டிருந்தார். கருவிப்பெட்டியின் மேல் உட்கார்ந்து அழுதுவிட்டேன். உதவிக்கு வந்தவர் கையில் அடிபட்டதோ என்று கேட்டார்.

நீயும் அம்மா பக்கத்தில் அப்படித்தான் இருந்திருக்கிறாய், பகலும் இரவும், தனியாக. நான் பயப்படக்கூடாது என்பதற்காக உன் பயத்தைப் பகிர்ந்துகொள்ள ஒரு ஆளையும் நீ வைத்துக்கொள்ளவில்லை. அலமாரிப் படத்தின்போது, நானும் பயந்துதான் போனேன் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை இப்போதுதான் ஒழுங்காகப் படிக்கிறேன். உன் மணிக்கட்டை நான் பிடித்திருந்தேன். உன் கண்ணை யாரும் மூடச் சொல்லவில்லை.

அம்மா கடைசியாகக் கேட்டது, அந்தப் பையன் வந்தானா என்று. வந்துவிட்டான் என்று நீ சொன்னாய். அவள் காதில் விழுந்ததா என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாததை இனி நாம் இரண்டு பேரும் தெரியாது என்றே வைத்துக்கொள்வோம்.

பதினான்காம் தேதி ரயில். டிக்கெட்டின் பிரதியை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், நம் குடும்பத்தில் வெறும் பேச்சுக்கு மரியாதை போய்விட்டதால். பதினைந்தாம் தேதி மாலை ஐந்தரைக்கு உன் மருத்துவமனைக்கு வந்துவிடுவேன். பல்லெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எனக்கு ஒரு டோக்கன் போட்டுவை.

ஆறு மணிக்கு டிராயரைத் திறந்து ரிமோட்டை என்னிடம் கொடு. சத்தத்தை நான் வைக்கிறேன். அந்த இசை வரும்போது நீ கண்ணை மூடிக்கொள், என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள், எவ்வளவு இறுக்கமாக வேண்டுமானாலும். திரையில் என்ன நடக்கிறதோ அதை நான் உன் காதில் சொல்கிறேன். ஒன்றும் கூட்டமாட்டேன். "திறக்கலாமா?" என்று நீ கேள்.

தம்பி